ஆன்டிவைரஸ் இருந்தும் தொல்லை தீரவில்லையா? அறிகுறியைப் பார்த்துத் துணை மென்பொருள் தேர்ந்தெடுக்கும் வழிமுறை

டெல்டா பக்கம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஓய்வே கிடையாது. சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு, சிட்டா, அடங்கல், கொள்முதல் நிலையத்தில் நெல் போடப் பதிவு, பிள்ளையின் கல்லூரி விண்ணப்பம், வங்கிக் கணக்கு எல்லாம் ஒரே சிஸ்டத்தில்தான் நடக்கின்றன. பிரிண்ட் எடுக்கப் பென்டிரைவ் ஜெராக்ஸ் கடைக்குப் போகிறது, இ-சேவை மையத்துக்குப் போகிறது, அங்கிருந்து எதையாவது ஒட்டவைத்துக்கொண்டு வீடு திரும்புகிறது. அப்புறம் கேள்வி வரும்: “ஆன்டிவைரஸ் ஏற்கெனவே இருக்கு. கூட எதைப் போடலாம்?”

மென்பொருளின் பெயரைத் தேடுவதற்கு முன் அறிகுறியைப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் பதில். உங்கள் ஆன்டிவைரஸ் செய்யாத வேலை எது என்று தெரிந்தால், அந்த வேலைக்கான துணையை மட்டும் சேர்க்கலாம். பாதி நேரம் எதையுமே சேர்க்க வேண்டியிருக்காது. விண்டோஸுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு வசதியை எழுப்பினால் போதும். கீழே மக்கள் சொல்லும் சொற்களிலேயே தலைப்புகள் இருக்கின்றன. உங்கள் தொல்லை எதுவோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படியுங்கள்.

எதற்கும் முன்: இப்போது காவலில் இருப்பது எது?

ஸ்டார்ட் மெனுவில் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று தட்டித் திறங்கள். இடப்பக்கம் அடியில் இருக்கும் ‘செட்டிங்ஸ்’ஸுக்குள் ‘மேனேஜ் புரொவைடர்ஸ்’ என்று ஒரு இணைப்பு இருக்கும். எந்த ஆன்டிவைரஸ் இயங்குகிறது, எது அணைந்து கிடக்கிறது என்று அங்கே தெரியும்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல் போல வேறொன்றை இன்ஸ்டால் செய்தால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிவிடும். அதை நீக்கினால் தானாகத் திரும்ப வரும். சிக்கல் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. லேப்டாப்போடு வந்த சோதனைப் பதிப்பு காலாவதியாகி, புதிய வைரஸ் விவரங்களை வாங்காமல், ஆனால் சிஸ்டத்தைவிட்டும் போகாமல் உட்கார்ந்திருக்கும். ஐகான் இருப்பதால் காவல் இருக்கிறது என்று வீட்டார் நம்பியிருப்பார்கள். நான் பார்க்கும் வீடுகளில் இதுதான் மிகச் சாதாரணமான நிலை. பணம் கட்டிப் புதுப்பிக்கப் போவதில்லை என்றால் அதை அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள். டிஃபெண்டர் விழித்துக்கொண்டதா என்று அதே பக்கத்தில் திரும்பப் பாருங்கள். வீட்டு உபயோகத்துக்கு டிஃபெண்டர் போதும் என்பது என் தீர்மானமான கருத்து.

கட்டணம் கட்டிய வேறு ஆன்டிவைரஸ் இருக்கிறதென்றால் அதுவே இருக்கட்டும். அந்த நிலையில் ‘வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன்’ பக்கத்தில் ‘பீரியாடிக் ஸ்கேனிங்’ என்ற சுவிட்ச் தோன்றும். அதைப் போட்டுவிட்டால் டிஃபெண்டர் அவ்வப்போது எழுந்து ஒரு முறை சோதித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இரண்டாவது ஆளின் கருத்து, காசில்லாமல், புதிதாக எதையும் இறக்காமல் கிடைக்கிறது.

“பென்டிரைவில் இருந்ததெல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டது”

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று எந்த ஊர் பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையிலும் இது கிடைக்கும். பென்டிரைவைத் திறந்தால் ஃபோல்டர்களுக்குப் பதில் அம்புக்குறி போட்ட ஷார்ட்கட்கள். சில வகையில் பென்டிரைவின் பெயரிலேயே ஒரே ஒரு ஷார்ட்கட் மட்டும் இருக்கும். ஃபைல்கள் அழிந்துவிட்டன என்று பதறி, அந்த ஷார்ட்கட்டையே திரும்பத் திரும்பத் தட்டுவார்கள். தட்டும் ஒவ்வொரு முறையும் வைரஸ் ஓடுகிறது. ஃபைல்கள் பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கின்றன. அவற்றை மறைத்துவைத்திருக்கிறது, அல்லது பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளியிருக்கிறது, அவ்வளவுதான்.

வரிசை முக்கியம். முதலில் பென்டிரைவைக் கழற்றுங்கள். ஷார்ட்கட்டைத் தட்டியிருந்தால் சிஸ்டமும் தொற்றியிருக்கும். சிஸ்டத்தைச் சுத்தம் செய்யாமல் பென்டிரைவைச் சுத்தம் செய்தால், செருகிய நிமிடத்தில் திரும்ப ஒட்டிக்கொள்ளும். டிஃபெண்டரில் ஃபுல் ஸ்கேன் ஓடவிடுங்கள். அது முடிந்ததும் மால்வேர்பைட்ஸ் என்ற வைரஸ் நீக்கும் மென்பொருளின் இலவசப் பதிப்பில் ஒரு முறை. இங்கே துணை மென்பொருள் நியாயமாகவே தேவைப்படுகிறது, ஏனென்றால் ஒன்று விட்டதை இன்னொன்று பிடிப்பது இந்த வகை வைரஸ்களில் நடக்கக்கூடியதுதான்.

மால்வேர்பைட்ஸ் பற்றி ஒரு விவரம். இன்ஸ்டால் செய்தவுடன் 14 நாள் பிரீமியம் சோதனைக் காலம் ஓடலாம். அந்த நாட்களில் அது நிரந்தரக் காவலாக உட்கார்ந்துகொள்ளும். காலம் முடிந்தால் கூப்பிடும்போது மட்டும் ஸ்கேன் செய்யும் இலவசப் பதிப்பாக மாறும். நமக்கு வேண்டியது அந்த இலவசப் பதிப்புதான். சோதனைக் காலம் முடிந்த பின் டிஃபெண்டர் இயங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிஸ்டம் சுத்தமான பிறகு பென்டிரைவைச் செருகி, திறக்காமல், அதன் மேல் ரைட் கிளிக் செய்து ‘ஸ்கேன் வித் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர்’ கொடுங்கள். ஃபுல் ஸ்கேன் ஓடியதால் பென்டிரைவும் சோதிக்கப்பட்டிருக்கும் என்று நினைக்க வேண்டாம். கழற்றி மாட்டும் டிரைவ்களை டிஃபெண்டரின் ஃபுல் ஸ்கேன் இயல்பாகச் சேர்ப்பதில்லை. ஸ்கேன் முடிந்ததும் மிச்சமிருக்கும் ஷார்ட்கட்களை அழித்துவிட்டு, மறைந்த ஃபைல்களை வெளியே கொண்டுவர வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் ‘கமாண்ட் ப்ராம்ப்ட்’ என்று தேடித் திறந்து இப்படித் தட்டுங்கள், போனில் சொல்வதுபோலவே சொல்கிறேன்: ஆட்ரிப் (ஏ, டி, டி, ஆர், ஐ, பெங்களூரின் பி), இடைவெளி, மைனஸ் எச், இடைவெளி, மைனஸ் எஸ், இடைவெளி, பென்டிரைவின் எழுத்து, கோலன், பேக்ஸ்லாஷ், ஸ்டார், இடைவெளி, ஸ்லாஷ் எஸ், இடைவெளி, ஸ்லாஷ் டெல்லியின் டி. என்டர் தட்டியதும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். உங்களுடைய ஆவணங்களை மட்டும் சிஸ்டத்துக்கு எடுத்துக்கொண்டு பென்டிரைவை ஃபார்மட் செய்துவிடுங்கள். நீங்கள் வைக்காத எந்த ஃபைலையும் திறந்து பார்க்க ஆசைப்படாதீர்கள்.

சில நாள் கழித்து இன்னொரு அறிகுறி வரலாம். சிஸ்டம் ஆன் ஆகும்போதெல்லாம் ‘விண்டோஸ் ஸ்க்ரிப்ட் ஹோஸ்ட்’ என்ற பெட்டி தோன்றி, ஏதோ ஒரு ஸ்க்ரிப்ட் ஃபைல் கிடைக்கவில்லை என்று சொல்லும். இது நல்ல சேதி. வைரஸ் போய்விட்டது, அதை எழுப்பச் சொல்லும் உத்தரவு மட்டும் ஸ்டார்ட்டப்பில் மிச்சமிருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் ‘ஆட்டோரன்ஸ்’ என்ற சிறு கருவியை இறக்கிப் பாருங்கள். ஃபைல் இல்லாத உத்தரவுகளை மஞ்சள் நிறத்தில் காட்டும். பெட்டியில் வந்த அதே பெயர் உள்ள வரியின் டிக்கை எடுத்துவிட்டால் போதும். மஞ்சளாக இருப்பதையெல்லாம் அழிக்கத் தேவையில்லை.

யுஎஸ்பி ஆட்டோரன் தடுப்பான் என்று தனியாக மென்பொருள் போடச் சொல்லும் கடைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். பென்டிரைவ் செருகியதும் தானாக எதுவும் ஓடும் வழியை விண்டோஸ் 7 காலத்திலேயே மைக்ரோசாஃப்ட் மூடிவிட்டது. பழைய எக்ஸ்பி, விஸ்டாவுக்கும் 2011இல் அதற்கான அப்டேட் வந்தது. இப்போது தொற்றுவது நம் கையால் ஷார்ட்கட்டைத் தட்டுவதால்தான். அந்தத் தடுப்பானைவிட, பிரிண்ட் கடைக்கென்று ஒரு பழைய பென்டிரைவைத் தனியாக ஒதுக்கி, அன்றைக்கு வேண்டிய பிடிஎஃப்பை மட்டும் அதில் வைத்துக் கொண்டுபோவது பத்து மடங்கு பயன் தரும். ஆதார், பத்திரம், பாஸ்புக் ஸ்கேன் எல்லாம் அடங்கிய பென்டிரைவைக் கடைக்காரரிடம் நீட்டவே நீட்டாதீர்கள்.

“வலது மூலையில் வைரஸ், வைரஸ் என்று வந்துகொண்டே இருக்கிறது”

பிரபல ஆன்டிவைரஸின் சின்னத்தோடு, ‘உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்கள்’ என்று வரும். ஸ்கேன் செய்தால் ஒன்றும் இருக்காது. உண்மையிலும் ஒன்றும் இல்லை. ஏதோ ஒரு தளத்தில் ‘அலவ்’ என்ற பொத்தானை யாரோ தட்டியிருக்கிறார்கள். அந்தத் தளம் பிரவுசர் வழியாக அனுப்பும் விளம்பரம்தான் அது. பட்டா, சிட்டா, ரேஷன் கார்டு, தேர்வு முடிவு என்று தேடும்போது மேலே வரும் போலித் தளங்களும் இலவசப் படத் தளங்களும் இந்த ‘அலவ்’வைக் கேட்டுக்கொண்டே இருக்கும். அரசுச் சேவைகளுக்கு முகவரி ‘டாட் ஜிஓவி டாட் இன்’ அல்லது ‘டாட் என்ஐசி டாட் இன்’ என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலில் தெரியாத பெயர்களை நீக்குங்கள். முடிந்தது.

திரும்ப வராமலிருக்க ஒரு துணை உண்டு, விளம்பரத் தடுப்பான். இந்தக் கட்டுரையில் எல்லா வீட்டுக்கும் நான் தயங்காமல் சொல்லும் ஒரே கூடுதல் மென்பொருள் இதுதான். ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின், குரோமில் யூபிளாக் ஆரிஜின் லைட். எக்ஸ்டென்ஷன் எனப்படும், பிரவுசரில் சேர்க்கும் துணை நிரல்களுக்கான விதிகளைக் குரோம் மாற்றியதால் பழைய முழுப் பதிப்பு அங்கே ஓடுவதில்லை. முழு வலுவும் வேண்டுமென்றால் ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறுங்கள். பெயர் எழுத்து மாறாமல் பார்த்து எடுக்க வேண்டும், ஒத்த பெயரில் போலிகள் இருக்கின்றன.

இதே குடும்பத்தில் இன்னொன்று முழுத் திரையையும் அடைத்துக்கொண்டு, சைரன் சத்தம் போட்டு, ஒரு போன் நம்பரைக் காட்டும். மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான எச்சரிக்கை எதிலும் போன் நம்பர் இருக்காது. எஸ்கேப் கீயை அழுத்திப் பிடியுங்கள், பிறகு ஆல்ட்டும் எஃப்4உம். மூடவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை நிறுத்துங்கள். திருவையாறு பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அந்த நம்பருக்குப் பேசிவிட்டு என்னைக் கூப்பிட்டார். “தம்பி, மைக்ரோசாஃப்ட்லேர்ந்து பேசுறேன்னுதான் சொன்னான். எனிடெஸ்க் போடச் சொன்னான், போட்டுட்டேன்.” எனிடெஸ்க் என்பது தூரத்திலிருந்தே நம் சிஸ்டத்தை இயக்கவிடும் மென்பொருள். “சார், முதல்ல நெட் ஒயரைப் பிடுங்குங்க, அப்புறம் பேசுவோம்” என்றேன். அந்த வரிசைதான் சரி. இணைப்பைத் துண்டித்து, எனிடெஸ்க்கை அன்இன்ஸ்டால் செய்து, வேறொரு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்திவைக்க வேண்டும். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு உடனே கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் கைமாறும் முன் முடக்க வாய்ப்பு இருக்கிறது. வெட்கப்பட்டு மறைப்பதால் போவது நேரம்தான்.

“பிரவுசரைத் திறந்தால் வேறு ஏதோ தேடும் பக்கம் வருகிறது”

இது இலவச மென்பொருளோடு ஒட்டிவந்த விளம்பர மென்பொருள். தமிழ் ஃபான்ட், தமிழ் டைப்பிங், பிடிஎஃப் மாற்றி என்று தேடி, கண்ட இடத்தில் இறக்கும்போது இது கூட வரும். ஆன்டிவைரஸ் பல நேரம் இதை வைரஸாகவே எண்ணாது. அதனால்தான் இங்கே துணை தேவைப்படுகிறது. மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் ஆட்வ்கிளீனர் சிறியது, இலவசம், இன்ஸ்டால் செய்யாமலே ஓடும். ஓட்டி, நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, பிரவுசரின் எக்ஸ்டென்ஷன் பட்டியலில் தெரியாததை எடுத்துவிடுங்கள்.

அப்புறம் விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்’, ‘ரெப்யுடேஷன் பேஸ்டு ப்ரொடெக்ஷன்’ போய், வேண்டாத ஆப்களைத் தடுக்கும் சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தமிழில் தட்டுவதற்குத் தனி மென்பொருளே வேண்டாம், விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தமிழ் ஒலிப்புமுறை விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது.

“ஸ்கேன் செய்தால் ஒன்றுமில்லை என்கிறது, தொல்லை மட்டும் போகவில்லை”

இந்தப் பகுதியில்தான் பலருக்கு அதிர்ச்சி காத்திருக்கிறது.

விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ். அடியில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ இருக்கும். ‘இந்த இடத்தைச் சோதிக்காதே’ என்று டிஃபெண்டருக்குச் சொல்லிவைத்த பட்டியல் அது. நீங்கள் எதையும் சேர்க்காத வீட்டுச் சிஸ்டத்தில் அது காலியாக இருக்க வேண்டும். கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய சிஸ்டத்தில், அல்லது காசு கட்டாமல் கிராக் போட்ட மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் இருக்கும் சிஸ்டத்தில் திறந்து பாருங்கள். ஏதாவது ஒரு ஃபோல்டர் இருக்கும். சில நேரம் சி டிரைவ் முழுவதுமே இருக்கும்.

எப்படி வந்தது? விண்டோஸையும் ஆபீஸையும் காசு கட்டாமல் ஓடவைக்கும் ஆக்டிவேட்டரை டிஃபெண்டர் பிடித்துவிடும். அதனால் போடுபவர் முதலில் டிஃபெண்டரை அணைத்து, அந்த ஃபோல்டரை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டு, அப்புறம் ஓட்டுகிறார். அதோடு கூட வந்த வேறு எதுவும் அதே நிழலில் நிம்மதியாக வாழும். சில வைரஸ்கள் உள்ளே வந்ததும் தாங்களே தங்கள் இடத்தை அந்தப் பட்டியலில் எழுதிக்கொள்கின்றன. அப்புறம் டிஃபெண்டர் எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் ‘சுத்தம்’ என்றுதான் சொல்லும். பார்க்காதே என்று நாமே சொன்ன இடத்தை அது பார்ப்பதில்லை.

பட்டியலைக் காலி செய்யுங்கள். ஆக்டிவேட்டரை நீக்குங்கள். அதே பக்கத்தில் ‘டேம்பர் ப்ரொடெக்ஷன்’ சுவிட்சைப் போடுங்கள். வேறு மென்பொருள் டிஃபெண்டரைச் சத்தமில்லாமல் அணைப்பதை அது தடுக்கும். பிறகு ஃபுல் ஸ்கேன். இதில் ஆபீஸ் நின்றுபோனால் லிப்ரே ஆபீஸ் இலவசமாக இருக்கிறது, விண்ணப்பமும் கணக்கும் எழுத அது தாராளமாகப் போதும். வங்கிக் கணக்கைப் பார்க்கும் சிஸ்டத்தில் கிராக் மென்பொருள் இருக்கக் கூடாது என்பதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

அதற்கும் மசியவில்லை என்றால் ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ஸில் ‘டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்’ கொடுங்கள். சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே சோதிக்கும். வைரஸ் ஒளிந்துகொள்ள வழியிருக்காது. 15 நிமிடம் அளவுக்கு ஆகும். யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் என்றால், உங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் இதைத் தொடங்காதீர்கள்.

இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் இருக்கிறது. இறக்கிய 10 நாளில் காலாவதியாகிவிடும், அதனால் ஒவ்வொரு முறையும் புதிதாக இறக்க வேண்டும். ஓடும்போது ‘தொற்றிய ஃபைல்கள்’ என்று ஒரு எண் ஏறும், முடிவில் எதுவும் இல்லை என்று சொல்லக்கூடும். ஓடும்போது காட்டுவது சந்தேகக் கணக்கு, முடிவில் சொல்வதுதான் தீர்ப்பு. ஈசெட் ஆன்லைன் ஸ்கேனர், எம்சிசாஃப்ட் எமர்ஜென்சி கிட் இரண்டும் இதே மாதிரி கூப்பிட்டால் வந்து பார்த்துவிட்டுப் போகும் வகை. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2017இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்திலும் இலவசக் கருவிகள் கிடைக்கும். இவற்றில் ஒன்று போதும். எல்லாவற்றையும் இறக்கி ஒரே நாளில் ஓட்டிக் குழம்ப வேண்டாம்.

“ஆன்டிவைரஸ் அப்டேட் ஆகவில்லை. எந்தத் தளத்துக்குப் போனாலும் பாதுகாப்பில்லை என்கிறது”

முதலில் கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய வருடம் காட்டினால் வைரஸைத் தேட வேண்டாம். மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. கரண்ட் போய் வரும்போதெல்லாம் கடிகாரம் பின்னால் போய்விடுகிறது. தளங்களின் பாதுகாப்புச் சான்றுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. உங்கள் சிஸ்டத்தின் தேதி அந்த எல்லைக்கு வெளியே நின்றால் எல்லாத் தளமும் போலியாகத் தெரியும், அப்டேட்டும் நின்றுபோகும். கடையில் சிஆர் 2032 என்று கேட்டு வாங்கி மாற்றுங்கள். இதற்காகப் புதிய ஆன்டிவைரஸ் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும்.

தேதி சரியாக இருந்து, போன் ஹாட்ஸ்பாட்டில் நெட் ஓடுகிறதென்றால், அந்த இணைப்பு ‘மீட்டர்டு’ என்று குறிக்கப்பட்டிருக்கலாம். டேட்டாவை மிச்சப்படுத்த விண்டோஸ் தானாக அப்டேட் இறக்காமல் காத்திருக்கும். வாரம் ஒரு நாளாவது ‘ப்ரொடெக்ஷன் அப்டேட்ஸ்’ போய் நீங்களே ‘செக் ஃபார் அப்டேட்ஸ்’ கொடுங்கள்.

“இன்னொன்று போட்டதிலிருந்து சிஸ்டம் நகரவே மாட்டேன் என்கிறது”

நிரந்தரக் காவலாக இயங்கும் ஆன்டிவைரஸ் இரண்டை ஒரே சிஸ்டத்தில் போட்டிருப்பீர்கள். ஒரு மதகில் இரண்டு பேர் நின்று, ஒருவர் ஷட்டரை ஏற்ற, மற்றவர் இறக்கினால் தண்ணீர் எந்த வயலுக்கும் ஒழுங்காகப் போகாது. ஒரு ஃபைலைத் திறந்தால் இரண்டும் அதைப் பிடித்துச் சோதிக்கும், ஒன்று மற்றதன் வேலையைச் சந்தேகப்படும், 4 ஜிபி ரேம் அதிலேயே தீர்ந்துவிடும். ஒன்றை நீக்குங்கள். அன்இன்ஸ்டால் செய்தும் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தந்த நிறுவனமே தன் தளத்தில் நீக்கும் கருவி தருகிறது.

டாஸ்க் மேனேஜரில் ‘ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்’ நிறைய இடம் பிடிப்பதைப் பார்த்து அதையே வைரஸ் என்று நினைக்க வேண்டாம். டிஃபெண்டர்தான் அது, ஸ்கேன் முடிந்ததும் அடங்கும். வேகத்தைக் கூட்டுவதாக, ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் எதையும் போடாதீர்கள். அந்தப் பணத்துக்கு ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான ஒரு எஸ்எஸ்டி வாங்கி மாட்டலாம்.

“சிஸ்டத்தில் மட்டுமில்லை, வீட்டில் எல்லோர் போனிலும் அதே விளம்பரம்”

அப்படியானால் குற்றவாளி ரவுட்டர். கேபிள்காரர் மாட்டிவிட்டுப் போன நாளிலிருந்து அதன் பாஸ்வேர்டு ‘அட்மின்’ என்றே இருக்கும். ரீசெட் செய்து, பாஸ்வேர்டை மாற்றி, டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் சேவை) இருக்கும் இடத்தில் 9.9.9.9 அல்லது 1.1.1.2 கொடுங்கள். முன்னது குவாட்9, பின்னது கிளவுட்ஃப்ளேர். இரண்டும் தீங்கான தளம் என்று அறியப்பட்ட முகவரிகளைத் திறக்கவே விடாது. எந்த மென்பொருளும் போடாமல் வீட்டில் உள்ள எல்லாக் கருவிக்கும் சேர்ந்து கிடைக்கும் துணை இது.

“பாஸ்வேர்டு மாற்றினாலும் மெயிலும் ஃபேஸ்புக்கும் கைவிட்டுப் போகிறது”

பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டையும், உள்நுழைந்த நிலையைக் காட்டும் குக்கீயையும் அள்ளிக்கொண்டு போகும் வகை இது. பெரும்பாலும் கிராக் மென்பொருளோடு வரும். தொற்றிய சிஸ்டத்தில் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றினால் புதியதும் அவர்களுக்கே போகும். சுத்தமான போனிலிருந்து மாற்றுங்கள். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றும் வசதியைப் பயன்படுத்துங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். சிஸ்டத்துக்கு ஆஃப்லைன் ஸ்கேன், மால்வேர்பைட்ஸ் இரண்டும் ஓடட்டும். இங்கே சேர்க்க வேண்டிய துணை, தளத்துக்கொரு பாஸ்வேர்டை நமக்காகச் சேமித்துவைக்கும் பிட்வார்டன் போன்ற ஒரு பாஸ்வேர்டு மேனேஜர். ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் போடும் பழக்கம் அதனால்தான் நிற்கும்.

“ஃபைல்களின் பெயருக்குப் பின்னால் ஏதோ ஒட்டிக்கொண்டு, திறக்க மறுக்கிறது”

ரான்சம்வேர், ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வகை. உடனே நெட்டைத் துண்டித்து, செருகியிருக்கும் டிரைவ்களைக் கழற்றுங்கள். பணம் கேட்டுக் குறிப்பு வைத்திருப்பார்கள், கொடுக்காதீர்கள், கொடுத்தாலும் ஃபைல் திரும்பும் என்று உறுதியில்லை. பூட்டிய ஃபைல்களை அழிக்கவும் வேண்டாம். 2016இல் ஐரோப்பியக் காவல்துறை அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் மாதிரி ஃபைல் ஒன்றைக் கொடுத்தால், அந்த வகைக்குச் சாவி இருக்கிறதா என்று தேடித் தரும். இருந்தால் இலவசம்.

வருவதற்கு முன் செய்ய வேண்டியது இதைவிட எளிது. விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ரான்சம்வேர் ப்ரொடெக்ஷன்’ பக்கத்தில் ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ இருக்கிறது, இயல்பாக அணைந்திருக்கும். டிஃபெண்டர் காவலில் இருந்தால்தான் வேலை செய்யும். போட்டுவிட்டால், அறிமுகமில்லாத மென்பொருள் எதுவும் உங்கள் ஆவணங்களை மாற்ற முடியாது. நெல் மண்டி, அரிசி ஆலை, உரக்கடை வைத்திருப்பவர்கள் டாலி போன்ற கணக்கு மென்பொருளை அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு சேமிக்கும்போது தடுக்கப்பட்டு, எரிச்சலில் சுவிட்சையே அணைத்துவிடுவீர்கள். கூடவே ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் வாரம் ஒரு நகல் எடுத்து, எடுத்தவுடன் கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியே இருக்கும் நகலையும் ரான்சம்வேர் பூட்டும்.

பழைய விண்டோஸ் என்றால்

2011 முதல் அரசு கொடுத்த இலவச லேப்டாப் இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது, பலவற்றில் விண்டோஸ் 7. அதற்கு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு 2020 ஜனவரி 14உடன் முடிந்தது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14. வீட்டு உபயோகிப்பாளர் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் உண்டு. விண்டோஸ் 10இல் டிஃபெண்டருக்கு வைரஸ் விவரங்கள் 2028 அக்டோபர் வரை வரும். ஆனால் அது ஓட்டையை அடைக்கும் வேலையைச் செய்யாது, ஓட்டை வழியாக வருவதில் தெரிந்தவற்றை மட்டும் பிடிக்கும்.

விண்டோஸ் 7 சிஸ்டத்துக்கு எந்த ஆன்டிவைரஸையும் எந்தத் துணையையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வங்கி வேலையை அதில் நிறுத்திவிடுங்கள். விண்டோஸ் 11 ஏறாத, ஆனால் 4 ஜிபி ரேம் இருக்கும் லேப்டாப் என்றால், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச லினக்ஸ் மின்ட்டைப் பென்டிரைவில் ஏற்றி, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் அங்கிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, பிரிண்டர் ஓடுகிறதா, தமிழில் தட்ட முடிகிறதா என்று இரண்டு நாள் பழகிவிட்டு, சரியாக இருந்தால் ஆவணங்களை நகலெடுத்து வைத்துக்கொண்டு இன்ஸ்டால் செய்யலாம். டாலியோ, டிஜிட்டல் கையெழுத்து டாங்கிளோ அன்றாடம் தேவைப்படுபவர்கள் மட்டும் அந்த வழிக்குப் போகாமல், விண்டோஸ் 11 ஏறும் சிஸ்டம் ஒன்றுக்குப் பணம் சேர்க்கத் தொடங்குங்கள்.